உப்பு மூட்டைக்கு வந்த விலை

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதித் தரப்பட்டது.)

 

செயலாளர் அண்ணன் போன மாதம் எனக்குப் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நானும் சரியென்று சொல்லிவிட்டேன். நான் கடல்நீரைக் குடிநீராக்கும் துறையில் வேலை பார்க்கிறேன். அதைப் பற்றி நாற்பது படம் தயார் செய்து கையில் வைத்திருக்கிறேன். ஆனால் இன்று காலை பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது. ஏழை மாணவர்களுக்கான நம் கல்வி நிதிக்கு, ஒவ்வொரு உறுப்பினரும் வருஷம் ஒரு தொகையைச் செல்போனிலேயே அனுப்பிவிடலாம், இந்த மாதிரி பந்தல், சாப்பாடு, கலை நிகழ்ச்சி என்று செலவு செய்யாமல் அந்தப் பணத்தையும் நிதியிலேயே சேர்க்கலாம் என்று ஒரு தம்பி சொன்னார். நல்ல யோசனைதான். கைதட்டலும் வந்தது. எனக்கு மட்டும் கை எழவில்லை. ஏனென்றால் இதே கணக்கை நான் 2019-ல் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போட்டுக் கொடுத்தவன். அது என்ன ஆயிற்று என்று சொல்வதற்காக, அந்த நாற்பது படத்தையும் பைக்குள்ளேயே வைத்துவிட்டு வந்து நிற்கிறேன். ஆகவே இது ஒரு கோயில் சந்தையைப் பற்றிய பேச்சு. பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டிய சின்ன ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையோரத்தில் கண்ணாடி பதித்த மாதிரி பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழுவேலி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்த அதே கழுவேலிதான். ஆந்திராவில் காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் எங்கள் மரக்காணத்தில்தான் வந்து முடிகிறது. ஒரு காலத்தில் எங்கள் உப்பு அந்தக் கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்குப் போனது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்ப்பக்கம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். சங்க காலத்தில் உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றிப் போய் நெல்லுக்கு நெல்லாக மாற்றிக்கொண்டார்கள் என்று தமிழ் வகுப்பில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்க அப்பா வாரிய உப்புக்கு அந்த மதிப்பு கிடைத்து நான் பார்த்ததில்லை.

உப்பு எப்படி விளைகிறது என்று மாணவர்களுக்காக இரண்டு வார்த்தை. கடல் தண்ணீரின் அடர்த்தி பாமே கணக்கில் ஏறக்குறைய மூன்று டிகிரி. அதைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு, வெயிலும் காற்றும் குடித்து, இருபத்தைந்து டிகிரிக்கு வந்தால்தான் உப்பு உட்காரும். முப்பதுக்கு மேல் விட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். எங்க அப்பா மீட்டர் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளு" என்பார். வேடிக்கை என்னவென்றால், அப்பா கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஆவியாக விட்டார். நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பைக் கடலுக்கே திருப்பி விடுகிறேன். சம்பளம் மட்டும் எனக்குத்தான் கூட.

தை, மாசியில் தொடங்கும் உப்பு வாரல் புரட்டாசியோடு முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வந்தால் அளத்தில் வேலை கிடையாது. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை கையில் காசு புழங்காது. அந்த மூன்று மாதத்துக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு ஐயாயிரம் ரூபாய் உதவித்தொகையைத் தமிழக அரசு 2022-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் கைமாற்று, அடகு, கூலிக்கு முன்பணம் இவைதான். இந்த மழை மாதங்களுக்குச் சற்று முன்னால், செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வருவது எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை.

அறுப்பின் பண்டிகை என்றால் என்னவென்று மற்ற மதத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ சபைகள் பலவற்றில் நடப்பதுதான். அவரவர் நிலத்தில், வீட்டில், தொழிலில் கிடைத்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டு வந்து படைப்பார்கள். வாழைத்தார், பூசணிக்காய், கோழி, முட்டை, நெல், தேங்காய், தைத்த பாவாடை, சுட்ட முறுக்கு எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டுக் கடை வைப்பார்கள். பெரிய பொருட்களை ஏலம் விடுவார்கள். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பாடு. தெற்கே திருநெல்வேலிப் பக்கம் அதை அசனம் என்பார்கள். எங்கள் பக்கம் அன்பின் விருந்து.

இந்த மாதிரி விற்பனை எங்கிருந்து வந்தது என்று நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பஜார் என்பது பாரசீகச் சொல். நம் ஊர்க் கடைத்தெருவின் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய், தர்ம காரியத்துக்காக நடத்தும் விற்பனைக்குப் பெயராக வைத்தார்கள். 1845-ல் லண்டன் கோவெண்ட் கார்டன் அரங்கில் தானிய வரிச் சட்டத்தை எதிர்த்தவர்கள் இப்படி ஒரு பெரிய பஜார் நடத்தி நிதி திரட்டினார்கள். ஆனால் அதற்கு முன்பே நம் நாகர்கோவிலில் இந்தக் காரியம் தொடங்கிவிட்டது. 1819-ல் அங்கே வந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா அம்மையார், பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸை விற்ற பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள், தாங்கள் பின்னிய லேஸின் காசைக் கொடுத்தே விடுதலை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அம்மையாரின் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை 1844-ல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது.

அதே மாதிரி, உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கும் வழக்கம். எங்க ஆயா அதைச் செய்தார்கள். மிசோரம் மாநிலத்திலும் 1910 வாக்கிலிருந்து சபைப் பெண்கள் இதையே செய்து வருகிறார்கள். கையில் காசே இல்லாத வீட்டிலும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. அரிசியோ, முட்டையோ, விரல் வேலையோ. அதைக் கொண்டுவந்து வைக்க ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும். சந்தை அதற்குத்தான்.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். ஏலம் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தின்போது எலுமிச்சம்பழம் ஏலம் விடுவார்கள். 2024-ல் ஒன்பது பழம் இரண்டு லட்சத்துக்கு மேல் போனதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஆகவே எங்கள் கோயில் ஏலத்துக்கு எல்லா மதத்துக்காரர்களும் சகஜமாக வருவார்கள். சவுக்குத் தோப்புக்காரர், தர்பூசணி போடும் விவசாயிகள், குப்பத்திலிருந்து மீனவர்கள், மரக்காணத்திலிருந்து சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் பாய், எல்லோரும்.

2006-ஆம் வருஷம். நான் நம் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதல் பீஸ் அம்மாவின் தோட்டில் கட்டியாயிற்று. அடுத்து ஹாஸ்டல் மெஸ் பில். அந்தப் பண்டிகைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். அளத்தில் வேலை செய்கிற வீடுகளிலிருந்து வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு மூட்டை உப்பு வரும். அப்பாவும் ஒன்று தோளில் சுமந்துகொண்டு வந்து பந்தலில் இறக்கினார். அந்த வருஷம் அளத்தில் மூட்டை நாற்பத்தைந்து ரூபாய்.

உபதேசியார்தான் ஏலம் கூறுவார். "காளேஜுல சேர்ந்திருக்கிற பிள்ளையோட அப்பா கொண்டாந்த மூட்டை" என்று ஆரம்பித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சவுக்குத் தோப்புக்காரர் நூறு என்றார். பாய் நூற்றைம்பது. குப்பத்துப் பெரியவர் இருநூறு. ஒரு தரம், ரெண்டு தரம் என்று போய், முந்நூறு ரூபாய்க்குக் குப்பத்துப் பெரியவர் எடுத்தார். கருவாட்டுக்கு உப்பு வேண்டும், எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, "மூட்டை அங்கயே இருக்கட்டும், இன்னொரு தடவை வுடு" என்றார். மறுபடி ஏலம். முந்நூற்று ஐம்பதுக்குப் பாய் எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். பிறகு நானூறு, அப்புறம் நானூற்று ஐம்பது. கடைசியில் தோப்புக்காரர் அறுநூற்று ஐம்பதுக்கு எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரே மூட்டை ஐந்து தடவை விற்று இரண்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.

அன்று ராத்திரி அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இருபது வருஷமா உப்பு வார்றேண்டா. மத்த நாளெல்லாம் வெலைய அவங்க சொல்லுவாங்க, நாம கேட்டுக்கணும். இன்னைக்குத்தான் வெலைய அவங்க கேட்டாங்க."

அந்தச் சந்தைப் பணத்தில் ஒரு பகுதி சபையின் கல்வி நிதிக்குப் போகும். அதிலிருந்து எனக்கும், இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் உதவி கிடைத்தது. என் முதல் செமஸ்டர் மெஸ் பில் அந்தப் பணம்தான். ஆனால் எனக்கு யாரும் தர்மம் போட்டதாக நான் ஒருநாளும் உணரவில்லை. எங்க அப்பாவும் கொடுத்திருந்தார் அல்லவா! கொடுத்தவர்களோடு கொடுத்தவராகப் பந்தலில் நின்றார்.

இதில் எல்லாமே தேன் என்று நான் சொல்லப் போவதில்லை. ஏலத்தில் பக்தியோடு வீம்பும் சேர்ந்துதான் விலை ஏறும். இரண்டு பேருக்குள் பழைய வழக்கு இருந்தால் ஒரு கோழி ஆயிரம் ரூபாய்க்குப் போகும். கணக்கில் சண்டை வரும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எங்கள் கோயில் இருப்பது காலனியில். ஊர்த் தெருக்காரர்கள் ஏலத்துக்கு வருவார்கள், பூசணிக்காய் வாங்குவார்கள், கோழி வாங்குவார்கள், அரிசிகூட வாங்குவார்கள். எங்க பெரியம்மா கடையில் சுட்டு வைத்த அதிரசத்தை வாங்க மாட்டார்கள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், "தோப்புல ஆள் வேலை செய்யுது, வரேன்" என்று கிளம்பிவிடுவார்கள். பச்சைப் பொருளுக்குத் தடை கிடையாது, சமைத்ததற்கு உண்டு. யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெரியம்மா மட்டும் ஒவ்வொரு வருஷமும் அதிரசத்தைக் கணக்குக்கு மேல் ஐம்பது கூடச் சுடுவார். "என்னைக்காவது கேட்டாங்கன்னா இல்லேன்னு சொல்லக் கூடாதுல்ல" என்பார். முதலில் கேட்டது பெரியவர்கள் இல்லை, பிள்ளைகள்தான். தோப்புக்காரர் வீட்டுப் பேரன் ஒரு வருஷம் ஓடி வந்து இரண்டு அதிரசம் வாங்கி அங்கேயே தின்றான். தாத்தா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்போதும் மணி அடிக்கும் முன்னே கிளம்பித்தான் போனார்.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். படிப்பு முடிந்து, சென்னையில் வேலையாகி, சபைக் கமிட்டியில் என்னையும் சேர்த்தார்கள். "நீ இன்ஜினீயராச்சே, கணக்கைப் பாரு" என்றார்கள். 2019 பண்டிகைக் கணக்கை எக்செல்லில் போட்டேன். வரவு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். பந்தல், மைக் செட், விளக்கு, பாத்திர வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்துச் செலவு எழுபத்தோராயிரம். மீதி ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். இதற்கு அறுபது பேர் மூன்று நாள் வேலை. நான் கமிட்டியில் எழுந்து, "நம்ம சபையில நூத்தி இருபது குடும்பம். குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் பேங்க்குல போட்டா ஒரு லட்சத்து இருபதாயிரம். ஒரு கம்பு நட வேண்டாம், ஒரு கோழி புடிக்க வேண்டாம்" என்றேன். செலவுப் பத்தியைச் சிவப்பில் போட்டுக் காட்டினேன். பெரியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். முடிவெடுக்கும் முன்னே கொரோனா வந்து முடிவெடுத்துவிட்டது.

2020-ல் சந்தை இல்லை. பேங்க் கணக்கில் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் வந்தது. 2021-ல் ஒரு லட்சத்து முப்பதாயிரம். "பார்த்தீங்களா?" என்று எல்லோரிடமும் சொன்னேன். என் கணக்கு ரூபாய் பைசா சுத்தமாகச் சரியாகிவிட்டது.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கடைசித் தெருவில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். அளத்திலேயே வயதான பெண்மணி. வருஷம் தவறாமல் கூரைமேல் படர்ந்த கொடியிலிருந்து ஒரு பூசணிக்காய் கொடுப்பவர். "யாரு?" என்று கேட்டார். பக்கத்தில் போய் நின்றும், "யாரு?" என்றே கேட்டார். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றரை வருஷமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். உப்பு வெயிலும் பாத்தியின் கூச்சமும் கண்ணுக்கு எவ்வளவு கெடுதல் என்று எங்களுக்குத் தெரியாததல்ல. "ஏன் பாட்டி யாருகிட்டயும் சொல்லல?" என்றேன். "யாருப்பா வந்தீங்க, சொல்றதுக்கு? பூசணிக்கா கேட்டு வருவாங்க, அப்பச் சொல்லலாம்னு இருந்தேன். ரெண்டு வருஷமா யாரும் வரல. கோயிலுக்கு வரலாம்னா, எல்லாரும் பேங்க்குல பணம் போடுறாங்களாம், எனக்குப் பேங்க் ஏது? வெறுங்கையோட எப்படி வர்றது?" என்றார்.

நண்பர்களே, எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நூற்று இருபது குடும்பத்தின் சராசரியைப் போட்டேனே, அதில் இந்தப் பாட்டியும் ஓர் எண். சிலர் ஐயாயிரம் போட்டதால் தொகை நிறைந்துவிட்டது. பாட்டி இல்லாதது கணக்கில் தெரியவே இல்லை. பண்டிகைக்கு முந்தின வாரம் பெண்கள் சங்கத்தார் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பொருள் எழுதுவார்கள். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பெண் படிப்பை நிறுத்திவிட்டது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் சிவப்பில் போட்ட அந்த மூன்று நாள் வேலைக்குள்தான் இதெல்லாம் இருந்தது. வரவுப் பத்திதான் சந்தையின் பலன் என்று நினைத்தது என் தவறு. பாட்டிக்குப் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. ஒரு கண்ணில் பார்வை வந்தது. அந்த செப்டம்பரில் சந்தை திரும்ப நடந்தது. பொருள் நோட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் அளங்கள் எது பாத்தி, எது கழுவேலி என்று தெரியாமல் ஒரே வெள்ளமாகிவிட்டன. விற்காமல் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது. சவுக்குத் தோப்பு படுத்துவிட்டது. கரண்ட் இல்லை, கடை இல்லை. நான் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தபோது கோயில் பந்தல் மேட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் கமிட்டி கூட்டவில்லை, தீர்மானம் போடவில்லை. சந்தைக்குச் சமைக்கிற அதே பத்துப் பேர். பாயின் அதே தேக்சா. போன மாதம்தான் வாடகை வாங்கிக்கொண்டு எடுத்துப் போனவர், இந்தத் தடவை தானே வண்டியில் ஏற்றி வந்து, "காசப்பத்திப் பேசாதீங்க" என்று சொல்லி இறக்கியிருக்கிறார். குப்பத்திலிருந்து மீன் வந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் நடக்க முடியாதவர் என்பதற்கு அதே பொருள் நோட்டு. 2004 சுனாமியின்போதும் அப்படித்தான் நடந்தது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அன்று நானும் பள்ளிக்கூடப் பையனாக அங்கே தண்ணீர்க் குடம் சுமந்தவன்தான். ஏன் இவ்வளவு சீக்கிரம் அடுப்பு பற்றியது என்று அன்று யோசிக்கத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தோப்புக்காரர் வந்தார். வயசு எண்பதை நெருங்குகிறது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியெல்லாம் சேறு. வாசலில் நின்றார். பெரியம்மா எதுவும் கேட்கவில்லை. ஒரு இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, "உட்காருங்கண்ணா" என்றார். உட்கார்ந்தார். எங்க அப்பா பக்கத்து இலை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சாம்பார் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எழுந்து கை கழுவும்போது, "உப்பு சரியா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அதனால் எங்கள் ஊரில் சாதி போய்விட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. போகவில்லை. ஆனால் அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வருவதற்கு வழி தெரிந்திருந்தது. இருபது முப்பது வருஷமாகப் பூசணிக்காய்க்கும் கோழிக்கும் உப்பு மூட்டைக்கும் வந்து வந்து பழகிய வழி. பேங்க் கணக்கு வழியாகவே பணம் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த வழி புல் முளைத்துப் போயிருக்கும்.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். செல்போனில் பணம் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக அனுப்புங்கள், நானும் அனுப்புகிறேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆட்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் இந்தச் சந்திப்பை நிறுத்திவிட்டு அதை வைக்க வேண்டாம். என் யோசனை இது. அடுத்த வருஷம் இதே மைதானத்தில் ஒரு சந்தை போடுவோம். பழைய மாணவர்கள் அவரவர் ஊரிலிருந்து ஒரு பொருள் கொண்டு வாருங்கள். பண்ருட்டிக்காரர் பலாப்பழம், சிறுமலைக்காரர் வாழைத்தார், காஞ்சிபுரத்துக்காரர் ஒரு சேலை. ஹாஸ்டல் பிள்ளைகள் டீக்கடை போடட்டும். நமக்கெல்லாம் டிராயிங் வகுப்பில் கண்ணீர் வரவழைத்த அந்தப் பழைய டிராப்டரை ஏலம் விடுவோம். எங்கள் பேட்ச்சில் அதற்கு நல்ல போட்டி இருக்கும்!

முக்கியமாக, உதவி பெறும் மாணவர்களும் கடை போட வேண்டும். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு முறுக்கு டப்பாவோ, ஒரு முழம் மல்லிகைப் பூவோ வரட்டும். அதற்கு நாம் விலை கேட்போம். செக்கை வாங்கிக்கொண்டு மேடையில் தலைகுனிந்து போட்டோவுக்கு நிற்க வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அந்தப் பிள்ளையின் அப்பாவும் நம் பந்தலில் கொடுப்பவர்களோடு கொடுப்பவராக நிற்கட்டும். வேலை செய்ய அறுபது பேர், மூன்று நாள் வேண்டும். செலவும் ஆகும். அந்தச் செலவை யாரும் சிவப்பில் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பண்டிகை எப்போது என்று முடிவு செய்து செயலாளர் அண்ணன் எழுதட்டும். எங்க அப்பா இப்போது அளத்துக்குப் போவதில்லை. இருந்தாலும் அவரிடம் சொல்லி ஒரு மூட்டை உப்பு வாங்கி, நானே தோளில் சுமந்துகொண்டு வந்து இந்த மேடைக்கு முன்னால் இறக்குகிறேன். விலையை நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் கேட்க வேண்டும்.